வெறும் ரொட்டியும் ஒரு விடுகைப் பத்திரமும்

ஒரு நூலைப் பற்றியும் ஒரு வரியைப் பற்றியும் இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன். நூல், மொறோக்கோ எழுத்தாளர் முஹம்மத் ஷுக்ரியின் தன்வரலாறான 'அல் குப்ஸ் அல் ஹாஃபி'. வரி, ஒரு மாணவனின் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் 'விலகியமைக்கான காரணம்' என்ற இடத்துக்கு நேரே நான் எழுதியது. நூலை அரபுலகம் அறியும். வரியை நானும் அந்த மாணவனின் உம்மாவும் மட்டுமே அறிவோம். வரியை எழுதியது 2015இல். கட்டாரில் தொழில் புரியும் என் மைத்துனர் கொண்டுவந்து தந்த ஆங்கிலப் பெயர்ப்பில் நூலை வாசித்தது அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர். வாசித்து முடித்தபோது, என் வரியைப் பற்றி அந்நூல் ஏதோ சொல்லிவிட்டது போலிருந்தது.

முதலில் நூலாசிரியரைப் பற்றிச் சில தகவல்கள். ஷுக்ரி 1935இல் வட மொறோக்கோவின் ரீஃப் மலைப்பிரதேசத்தில் பிறந்தவர். அவரது தாய்மொழி அரபு அல்ல, ரீஃப் மக்களின் பேர்பர் மொழி. 1940களின் முற்பகுதியில் அப்பிரதேசத்தை வாட்டிய பஞ்சம் அவரது குடும்பத்தைத் தாஞ்சியர் நகருக்குத் துரத்தியது. தாஞ்சியர், பல நாடுகள் கூடி நிருவகித்த சர்வதேச வலயமாகப் பெயர் பெற்ற நகர். வங்கிகளும் கடத்தற்காரரும் ஐரோப்பியச் சீமான்களும் நிறைந்திருந்த அந்நகரில்தான் அச்சிறுவன் குப்பைத்தொட்டிகளைக் கிளறி உண்டான். தாஞ்சியர், தித்வான், அல்ஜீரியாவின் ஓரான் என மாறிமாறி அலைந்தான். இருபது வயதுவரை எழுத்தறியாதவன். அதன்பின் பள்ளிக்கூடம் போய், ஆசிரியராகி, 1966இல் பெய்ரூத்தின் 'அல் ஆதாப்' சஞ்சிகையில் தன் முதற் சிறுகதையை வெளியிட்டான்.

தன்வரலாறு நூலாக வந்த வழியும் வினோதமானது. 1973இல் போல் பௌல்ஸின் ஆங்கிலத்தில் முதலில் வந்தது. 1980இல் தாஹர் பென் ஜெலூன் பிரெஞ்சில் தந்தார். அரபு மூலம் 1982இல்தான் அச்சேறியது. மறுவருடமே மொறோக்கோவில் தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது 2000இல். 2003 நவம்பர் 15இல் ஷுக்ரி காலமானார். சொந்த நாட்டு வாசகர்களிடையே தன் நூல் தடையின்றி உலவுவதை அவர் கண்டிருந்தது ஏறக்குறைய மூன்று ஆண்டுகளே.

நூலின் பெயரிலிருந்தே தொடங்கலாம். அரபியில் 'ஹாஃபி' என்பது செருப்பில்லாதவனைக் குறிக்கும் சொல். தொட்டுக்கொள்ள எதுவுமற்ற ரொட்டியும் அவ்வாறே அழைக்கப்படுகிறது. ஆங்கிலத் தலைப்பு 'ரொட்டிக்காக மட்டுமே' என்ற பொருளில் அமைந்துள்ளது. அது ஒரு நோக்கத்தைச் சொல்கிறது. மூலத் தலைப்போ ஒரு நிலையைச் சொல்கிறது. தமிழுக்கு இந்தச் சங்கடம் இல்லை. வெறுங்கால் என்கிறோம், வெறுஞ்சோறு என்கிறோம். காலுக்கும் சோற்றுக்கும் நம்மிடமும் ஒரே சொல்தான். 'வெறும் ரொட்டி' என்று தமிழில் சொல்லும்போது, அந்த ரொட்டியைத் தின்பவனின் பாதமும் கூடவே கண்ணில் படுகிறது.

நூலில் என்னை மிகவும் பாதித்த காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. பசி தாளாத சிறுவன் குப்பையில் ஒரு செத்த கோழியைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். உம்மா வெளியே போயிருக்கிறாள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறான் அல்லவா? கத்தியை எடுத்து, கிழக்கு நோக்கி நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, செத்த கோழியை அறுக்கிறான். (மொறோக்கோவிலிருந்து மக்கா கிழக்கே.) உம்மா வந்து பறித்துக்கொள்கிறாள், மனிதர் செத்ததைத் தின்பதில்லை என்று கண்டிக்கிறாள். இதை வாசிக்கும் நம்மில் யாரும் சட்டத்தில் தடுக்கி விழாமல் இருக்க முடியாது. அறுக்க வேண்டியது உயிருள்ளதை, இது ஹராம். ஆனால் ஷுக்ரி அந்த இடத்தில் மார்க்கத்தைக் கேலி செய்யவில்லை. அந்தப் பிள்ளைக்கு மார்க்கம் தெரிந்திருக்கிறது. அவனிடம் இல்லாதது கோழி. இந்த வேறுபாட்டைக் காணாதவர்களே அந்நூலை மார்க்க விரோத நூல் என்று ஒதுக்கினார்கள் என எண்ணுகிறேன்.

இன்னொரு காட்சி தாஞ்சியர்த் துறைமுகத்தில். ரொட்டி தின்றுகொண்டிருக்கும் மீனவன் ஒருவன் அதனைக் கடலில் எறிகிறான். சிறுவன் உடுத்த உடுப்போடு பாய்கிறான். எண்ணெயும் கழிவும் மிதக்கும் தண்ணீரில் ரொட்டி கரைந்து போகிறது. இரக்கத்தைக் கிளறும் ஒரு வார்த்தையும் அங்கில்லை. வசனங்கள் குறுகியவை. நடந்தது, அடுத்து நடந்தது, அதற்கடுத்து நடந்தது என்று மட்டுமே செல்கின்றன. நாம் ஒரு பெருமூச்சு விடுவதற்கும் கதைசொல்லி இடம் தருவதில்லை. அழகுபடுத்தாத இந்த நடையே நூலின் பலம்.

இனி நூலின் மையத்துக்கு வருகிறேன். அது பசியல்ல, வாப்பா. நோயுற்றுப் பசியில் அழும் தம்பி அப்துல் காதிரின் கழுத்தை வாப்பா ஆத்திரத்தில் முறித்துக் கொன்றுவிடுகிறார். மூத்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னர் அதே வாப்பா அழுகிறார். பின்னர் மூத்தவனைக் கோப்பிக்கடையில் வேலைக்குச் சேர்த்து, சம்பளத்தைத் தாமே வாங்கிக்கொள்கிறார். பெல்ட்டால் அடிக்கிறார். சிறுவன் ஓடுகிறான், பிடிபடுகிறான், மீண்டும் ஓடுகிறான். மையவாடியில் தூங்குகிறான். உயிரோடிருப்பவர்களை விட அடக்கப்பட்டவர்களிடம் அவனுக்குப் பயம் குறைவு.

இங்கேதான் இந்நூல் நமது இலக்கியத்திடம் ஒரு கேள்வியை வைக்கிறது. ஷுக்ரி யதீம் அல்ல.

நோன்புப் பெருநாள் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். யதீம் பிள்ளை இல்லாத சிறுகதை அரிது. வாப்பா மௌத்தாகியிருப்பார். உம்மா அப்பம் சுட்டு விற்பாள். பிள்ளை கிழிந்த சேர்ட்டோடு பெருநாள் தொழுகைக்குப் போகும். ஹாஜியார் ஒருவர் கண்டு மனம் இளகி, புது உடுப்பு வாங்கிக் கொடுப்பார். கதை ஹாஜியாரின் கண்ணீரோடு முடியும். இத்தகைய கதைகளை நானும் எழுதியிருக்கிறேன்; ஒன்றுக்குப் பரிசும் பெற்றேன். ஆகவே இது பிறரைக் குறைகூறுவதல்ல. இக்கதைகளில் பிள்ளை யார்? ஹாஜியார் நன்மை சம்பாதிப்பதற்கான ஒரு வாய்ப்பு. அவனுக்குப் பெயர் இருக்கும், குரல் இருக்காது. வாங்கிய உடுப்பு அவனுக்கு அளவாக இருந்ததா என்றுகூட நாம் எழுதியதில்லை.

யதீமை நேசிப்பது நமது பண்பாட்டின் மிக உயர்ந்த கூறுகளில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வாப்பா மௌத்தான பிள்ளைக்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஓர் உரிமை இருக்கிறது, ஊருக்கு ஊர் நிலையங்களும் இருக்கின்றன. உயிரோடிருக்கும் வாப்பாவிடமிருந்து ஓடிய பிள்ளைக்கு என்ன பெயர்? 'ஊர்சுத்தி', 'காவாலி', 'அடங்காதவன்'. வாப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது, பிறகேன் தெருவில் நிற்கிறான்? இப்படிக் கேட்டவுடன் குற்றம் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. ஷுக்ரியின் நூல் வெளிவரும்வரை அரபிலும் இந்தப் பிள்ளை தன் கதையைத் தானே சொன்னது அரிது. அவனைப் பற்றிப் பிறர் சொன்னதே அதிகம்.

என் வரிக்கு வருகிறேன்.

2012இல் நான் தரம் 8க்கு வகுப்பாசிரியர். என் வகுப்பில் ஒருவன் அடிக்கடி வராமலிருப்பான். வந்த நாட்களில் பின்வாங்கில் தூங்குவான். ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் போனபோது பள்ளிவாசல் விறாந்தையில் சுருண்டு கிடந்தான். மூன்று நாட்களாக அங்குதான் என்று முஅத்தின் சொன்னார். நான் ஒரு நல்ல ஆசிரியர் செய்யவேண்டியதைச் செய்தேன். அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் ஒப்படைத்தேன். வழியில் அவன் எதுவும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அவனது வாப்பா மரியாதையானவர். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, "கண் ரெண்டையும் விட்டுப்போட்டுத் தோலை உரிங்க சேர், நான் ஒண்டும் கேக்க மாட்டேன்" என்றார். பிள்ளைகளை ஓதவும் படிக்கவும் ஒப்படைக்கும்போது எங்களூரில் காலங்காலமாகச் சொல்லும் வார்த்தைதான். நானும் சிரித்துக்கொண்டே விடைபெற்றேன்.

அடுத்த நாள் அவன் வகுப்புக்கு வந்தான். இடது காது வீங்கியிருந்தது. என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு கிழமைகளுக்குள் ஊரைவிட்டே போய்விட்டான். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஏறினான் என்றார்கள். புறக்கோட்டையில் கண்டதாக ஒருவர் சொன்னார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறான் என்று இன்னொருவர். வரவு இடாப்பில் சில மாதங்கள் அவன் பெயருக்கு நேரே பூச்சியங்கள் நீண்டன. பின்னர் பெயர் வெட்டப்பட்டது. அப்போது அவனுக்கு 13 வயது. 14 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 முதல் நடைமுறையில் இருந்தது. (2016இல் அது 16 வயதாக உயர்த்தப்பட்டது.) அதை எனக்கு ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் சரியாக விடையும் எழுதியிருந்தேன்.

மூன்று வருடங்களின் பின் அவனது உம்மா பாடசாலைக்கு வந்தார். "மகனுக்கு ஐடி எடுக்கணும் சேர், வேலை செய்ற கடையில கேக்காங்களாம். விடுகைப் பத்திரம் ஒண்டு வேணும்" என்றார். மகன் எங்கே என்று கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பத்திரத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலகியமைக்கான காரணம்: 'மாணவனின் சுயவிருப்பின் பேரில்'. என் கையெழுத்து அழகானது. அந்த வரியும் அழகாகவே இருந்தது.

ஷுக்ரியை வாசித்தபோது நான் முதலில் கதைசொல்லியோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடிப்போன பையனைப் பிடித்து வாப்பாவிடம் ஒப்படைக்கும் ஊராரோடுதான் நின்றேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். வாப்பாவின் மரியாதையைக் காப்பாற்றுகிறார்கள், குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறார்கள். பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் இந்நூலில் உதவி என்பது எங்கே வருகிறது? இரண்டாம் முறை வாசித்தபோது அதை மட்டுமே தேடினேன். ரொட்டி கொடுத்தவர்கள் உண்டு. அவர்களிற் பெரும்பாலானோர் தாமும் ஒன்றுமில்லாதவர்கள். படுக்க இடம் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களிற் சிலர் அதற்கு விலை கேட்டார்கள். பிள்ளையின் உடலையே விலையாகக் கேட்டவர்களும் உண்டு. தெருவில் நிற்கும் பிள்ளைக்கு நீளும் எல்லாக் கையும் உதவிக்கை அல்ல என்பதை இந்நூலைப் போலக் கூச்சமின்றிச் சொன்ன இன்னொரு நூலை நான் வாசித்ததில்லை. நூல் தடைசெய்யப்படுவதற்கு இப்பகுதிகளும் காரணம். ஆனால் இவற்றை மறைத்தால் யாருக்கு நன்மை? பிள்ளைக்கு அல்ல.

உண்மையான உதவி ஒரு சிறைக்கூடத்தில் வருகிறது. உடன் அடைபட்டிருந்த ஹமீத் என்பவன் சுவரில் துனீசியக் கவிஞர் அபுல் காஸிம் அஷ்ஷாபியின் கவிதை வரிகளை எழுதிவைக்கிறான். அவற்றை வாசிக்கத் தெரியாத இளைஞனுக்கு அலிஃப், பா என்று ஓரிரு எழுத்துக்களைச் சொல்லிக்கொடுக்கிறான். அங்கே பரிதாபம் இல்லை; புத்திமதி இல்லை. தன்னிடமிருந்த ஒன்றைத் தனக்குச் சமமான ஒருவனோடு பகிர்கிறான், அவ்வளவுதான். நூலின் முடிவில் அவ்விளைஞன் படிப்பதற்காக அல் அராயிஷ் நகருக்குப் புறப்படுகிறான். போகுமுன் தம்பியின் கப்றைத் தேடிப் போகிறான். அந்த மையவாடியில் அது எதுவென்று அவனால் நிச்சயிக்க முடியவில்லை.

1956இல், 21 வயதில், அல் அராயிஷில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினார் ஷுக்ரி. இதை ஓர் ஆசிரியனாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லாத் தொழிலும் செய்து, சிறையும் கண்ட ஓர் இளைஞனை வகுப்பில் சேர்க்க ஓர் அதிபர் சம்மதித்திருக்கிறார். வயது கடந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். சுற்றுநிருபத்தைக் காட்டியிருக்கலாம். அந்த அதிபரின் ஒரு கையெழுத்தினால் அரபு இலக்கியத்துக்கு ஓர் எழுத்தாளர் கிடைத்தார். என் ஒரு கையெழுத்தினால் என்ன நடந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இந்நூலில் குறைகள் இல்லையா? உண்டு. முதலாவது, பெண்கள். உம்மாவின் துயரம் ஆரம்பத்தில் உயிரோடு வருகிறது. போகப்போக அவள் மங்கிவிடுகிறாள். சகோதரிகளுக்கு முகமேயில்லை. விபசார விடுதிப் பெண்கள் பெரும்பாலும் உடல்களாகவே வருகிறார்கள். பெண்பிள்ளை ஒருத்தி இவ்வாறு ஓடியிருந்தால் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்வி ஷுக்ரிக்கு எழவில்லை. இரண்டாவது, கல்வியினால் மீண்டவனின் கதையாக இதனை வாசிக்கும் ஆபத்து. மீண்டவன் ஒருவன். அவனோடு மையவாடியில் தூங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களின் தன்வரலாறு எழுதப்படவில்லை. மூன்றாவது, இதனை மாணவரிடம் கொடுக்கலாமா என்ற கேள்வி. 1998 இறுதியில் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இந்நூலைப் பாடநூலாக வைத்ததற்குப் பெற்றார் எதிர்ப்புத் தெரிவித்து அது பெரும் சர்ச்சையானது. தரம் 8 பிள்ளைக்கு நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் தரம் 8க்குப் படிப்பிக்கும் ஆசிரியர் இதனை வாசிக்க வேண்டும் என்பேன். கலாசாலைகளில் உளவியல் பாடத்துக்கு எத்தனையோ நூல்களைச் சிபாரிசு செய்கிறோம். ஓடிப்போகும் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை அவற்றில் எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

ஷுக்ரி விட்ட இடத்திலிருந்து தொடங்கும் ஒரு படைப்பாக நபீல் அயூஷின் 'அலி ஸாவா' என்ற திரைப்படத்தைக் குறிப்பிடலாம். 2000ஆம் ஆண்டில் வெளியானது; கஸபிளாங்கா துறைமுகத் தெருக்களில் வாழும் நான்கு சிறுவர்களின் கதை. கப்பலில் வேலைக்குப் போகக் கனவு கண்ட அலி, தெருக்கும்பலொன்றின் கல்லெறியில் இறந்துபோகிறான். வாழ்ந்தபோது தெருநாயாக நடத்தப்பட்ட அவனை இளவரசனைப் போல நல்லடக்கம் செய்ய வேண்டும் என்று மற்ற மூவரும் முடிவெடுக்கிறார்கள். படம் முழுவதும் அந்த முயற்சியே. நடித்த சிறுவர்கள் தெருவில் வாழ்ந்தவர்களே. ஷுக்ரியின் வரட்சி இங்கில்லை; சிறுவர்களின் கனவுகள் சித்திரங்களாக அசைகின்றன. சில இடங்களில் இந்த அழகு துயரத்தின் கூர்மையை மழுங்கச் செய்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் ஒரு விடயத்தில் படம் நூலைத் தாண்டிச் செல்கிறது. இங்கே பெரியவர் யாரும் பிள்ளையை மீட்பதில்லை. பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கடமை செய்கிறார்கள். ஜனாஸாக் கடமையை ஊரே மறந்த இடத்தில், பசை நுகர்ந்து மயங்கிக் கிடக்கும் மூன்று பொடியன்கள் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இப்படத்துக்கான களத்தை அயூஷ் அறிந்துகொண்டது 'பைத்தீ' என்ற அமைப்பினூடாக. சிறுவர்நல மருத்துவரான நஜாத் மஅல்லா மஜீத் அதனை 1995இல் கஸபிளாங்காவில் தொடக்கினார். 'பைத்தீ' என்றால் 'என் வீடு'. அதன் பணியாளர்கள் நிலையத்தின் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் படுக்கும் இடங்களுக்கு அவர்களே போனார்கள். முதலில் பேச்சு, பின்னர் பழக்கம், பின்னர் மருத்துவம், அதன் பின்னரே வீடு, பாடசாலை, தொழில் பற்றிய பேச்சு. வீடு திரும்புவதும் ஓர் இலக்குத்தான். ஆனால் எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகே. நான் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் செய்து முடித்ததை அவர்கள் மாதக்கணக்கில் செய்தார்கள்.

இவை பழைய கதைகள் அல்ல. ஷுக்ரி சிறுவயதில் அலைந்த தித்வானுக்கு அண்மையில், ஸ்பெயினின் ஆளுகையில் உள்ள ஸப்தா என்ற செயூத்தா நகர் இருக்கிறது. 2021 மே மாதம் இரண்டே நாட்களில் ஏறக்குறைய 8,000 பேர் கடலில் நீந்தியும் அலைகரையால் நடந்தும் அங்கு புகுந்தனர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். பலர் வாரக்கணக்கில் தெருக்களிலும் பூங்காக்களிலும் உறங்கினர். அவ்வருடம் ஆகஸ்டில் ஸ்பெயின் அதிகாரிகள் அச்சிறுவர்களைத் தொகுதி தொகுதியாக மொறோக்கோவுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினர். நீதிமன்றம் தடுத்தது. 2024 ஜனவரியில் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அந்தத் திருப்பி அனுப்புதல் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு பிள்ளையின் நிலைமையையும் தனித்தனியே விசாரித்து, பிள்ளையின் கருத்தைக் கேட்கும் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதே விடயத்தின் சாரம். இச்செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த மோட்டார் சைக்கிள் பயணம்தான் ஞாபகம் வந்தது. வழியில் நான் எதுவும் கேட்கவில்லை.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் குழு 2017இல் தெருச்சூழலில் வாழும் சிறுவர் பற்றி ஒரு பொதுக் கருத்துரையை வெளியிட்டது. வரிசையில் அது 21ஆவது. இப்பிள்ளைகளை அணுகும் மூன்று விதங்களை அது வேறுபடுத்துகிறது. குற்றவாளியாகக் கண்டு அடக்குவது ஒன்று. பாவப்பட்டவராகக் கண்டு 'மீட்பது' இன்னொன்று. உரிமையுள்ள மனிதராகக் கண்டு, அவர்களோடு பேசி, அவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது மூன்றாவது. நமது இலக்கியத்தையும் இந்த அளவுகோலால் அளக்கலாம் என்று தோன்றுகிறது. நமது செய்தித்தாள்கள் முதலாவதை எழுதுகின்றன. நமது பெருநாள் மலர்கள் இரண்டாவதை எழுதுகின்றன. மூன்றாவது இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

அதற்கான சொல் நம்மிடம் இல்லாமலுமில்லை. ஸகாத் பெறத் தகுதியானோர் என்று குர்ஆன் வகுத்த எட்டுப் பிரிவினருள் இறுதியாக வருபவர் 'இப்னுஸ் ஸபீல்'. வழிப்போக்கர் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் வரும் பயணியோடு அதை முடித்துவிடுகிறோம். நேர்ப்பொருள் 'பாதையின் மகன்'. வீடற்றவரையும் தெருவில் கைவிடப்பட்ட குழந்தையையும் இப்பெயரின் கீழ்க் கொண்டுவர இடமுண்டு என்று நவீன கால அறிஞர்கள் சிலர் கருதியுள்ளனர். இது பத்வா வழங்கும் கட்டுரை அல்ல. அதற்கு எனக்குத் தகுதியுமில்லை. மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாப்பாவின் பெயரால் அன்றி, நிற்கும் பாதையின் பெயரால் ஒருவனை மகனே என்று அழைக்கும் சொல் அது. 'காவாலி' என்ற சொல்லுக்குப் பதிலாக வைக்க நம்மிடம் அப்படியொன்று இருந்திருக்கிறது.

எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாள் மலருக்கு எழுதும்போது, புது உடுப்பு வாங்கிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, அதை வாங்க மறுத்த பிள்ளையைப் பற்றி எழுதிப் பாருங்கள். ஏன் மறுத்தான் என்று அவனே சொல்லட்டும். அப்போதும் நமது கதைகளில் குறை இருக்கும். ஆனால் அவை இதுவரை எழுதாத குறைகளாக இருக்கும்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வராத பிள்ளையைத் தேடிப் போகுமுன் அவனோடு ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் விசாரிக்கிறேன். கண்டுபிடித்தால், வீட்டுக்குக் கூட்டிப்போகுமுன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: சாப்பிட்டாயா? வீட்டுக்குப் போகப் பயமா? இரண்டாவதற்கு அவன் தலையைக் குனிந்தால் தனியே முடிவெடுப்பதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை ஊரில் எனக்குக் கெட்ட பெயரும் வந்தது. குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்த மாஸ்டர் என்றார்கள்.

அந்த விடுகைப் பத்திரத்தின் பிரதி இன்னமும் அலுவலகக் கோவையில் இருக்கிறது. உத்தியோகபூர்வமான ஆவணம், திருத்த முடியாது. திருத்த முடிந்தால் 'மாணவனின் சுயவிருப்பின் பேரில்' என்பதை வெட்டிவிட்டு, 'வகுப்பாசிரியர் கேட்காமையினால்' என்று எழுதுவேன். அவனுக்கு இப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். எங்கேயாவது இருப்பான். அடையாள அட்டை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.